நான் வாங்கிய தட்டும் நீ பாடிய பாட்டும்

செழியா,

ஊரறிய ஒரு தவறு செய்துவிட்டு வீட்டுக்குள் மட்டும் வருத்தப்படுவது சரியில்லை என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இதை நீ மட்டும் படிக்கும் கடிதமாக எழுதாமல், நம் தெருமுனை நூலகத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து நடத்தும் இதழுக்கும் ஒரு படி கொடுக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் "சாப்பிட்டியா, அங்க மழையா" என்பதைத் தாண்டி எனக்கு வார்த்தை வருவதில்லை, உடனே "இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுவேன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். எழுதினால் அடித்துத் திருத்தலாம். உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே நான் சொல்வது சரியா தப்பா என்று தெரிகிறது. சர்க்கரை ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தே வயதாகிப்போனவனின் பழக்கம் இது. பொறுத்துக்கொள்.

ஆலைக் குடியிருப்பில் நாம் இருந்தபோது உனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. அரவைக் காலத்தில் ஷிப்ட் மாறும்போது ஆலைச் சங்கு ஊதும் அல்லவா, நீ வாசலில் நின்றுகொண்டு அதே ஸ்தாயியில் "ஊ" என்று பிடிப்பாய். சங்கு நிற்கும்வரை நீயும் நிறுத்த மாட்டாய். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு முட்டி, கடைசியில் சங்கு ஓய்ந்த பிறகு நீ ஒரு விநாடி கூடுதலாக இழுத்துவிட்டுத்தான் உட்காருவாய். கொதிகலன் பிரிவிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "இன்னா கெமிஸ்ட் சார், வூட்ல தனியா ஒரு சங்கு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். உன் அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. பையனுக்கு மூச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கும். நீ பாடிய எந்தப் பாட்டையும் நான் முதலில் பயத்தோடுதான் கேட்டிருக்கிறேன் என்பதை இப்போது யோசிக்கையில் தெரிகிறது.

பிறகு சென்னையில் விடுதி. உன் அறையில் இருந்த நாகாலாந்துப் பையன் தேவாலயத்தில் பாடிப் பழகியவன், அவன்தான் உனக்கு அந்த அமெரிக்கப் பாட்டுகளைக் காட்டினான் என்றாய். விடுமுறைக்கு வந்தபோது என் காதிலும் மாட்டிவிட்டாய். ஒரு பெண் பாடினாள். பாடினாள் என்பதைவிட மன்றாடினாள் என்று சொல்லலாம். அவள் ஒரு வரி சொல்ல, பின்னால் நாலைந்து குரல்கள் "ஆமாம் ஆமாம்" என்பது போலத் திருப்பிச் சொல்லின. "இதுக்குப் பேரு சோல் மியூசிக்பா" என்றாய். நான் வழக்கம்போலப் பயந்தேன். படிப்பு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லாமல் நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயத்தில் பாடிய பாட்டு வெளியே வந்து, காதலையும் கூலியையும் உரிமையையும் பாடியது. அப்புறம் இயந்திர இசையும் ஆட்டமும் வந்து அதை ஓரத்துக்குத் தள்ளின. இப்போது இளைஞர்கள் மறுபடி பழைய வாத்தியங்களை எடுத்துவைத்து, பிசிறு தட்டுகிற குரலைப் பிசிறோடே பதிவு செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. காரணம் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் எனக்கு. நம்முடைய பாஷையில் அதைப் பாட வேண்டும் என்று நீங்கள் நாலு பேர் கூடியதும், கல்வராயன் மலையிலிருந்து சடையன் தாளத்துக்கு வந்து சேர்ந்ததும், நீங்கள் பாடிய வீடியோ பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் வந்ததும் அதற்குப் பிறகு நடந்தவை.

அந்த வீடியோதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நகராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். ஒரு காலையில் நகரச் செயலாளர் தணிகாசலம் தன் மனைவியோடு நம் வீட்டுக்கு வந்தார். கையில் எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், மேலே ஒரு முழம் பூ. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா சொல்லியிருந்தாள். கல்யாணம் சொல்ல வந்திருக்கிறார், பத்திரிகை இன்னும் அச்சாகவில்லை போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். "நல்ல காரியமா வந்துருக்கோம் சார். மொதல்ல தட்டை வாங்கிக்குங்க, அப்புறம் உக்காந்து பேசிக்கலாம்" என்றார். தோளில் இருந்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் அவர் பேசினார். "நம்ம தம்பி பாட்டுதான் சார் ஊரெல்லாம் ஓடிக்கினு இருக்குது. மந்தைவெளியில கூட்டம் போடறோம். தலைவர் வர்றாரு. தம்பி பாடணும். பாடி முடிச்சதும் அதே மேடையில நம்ம வார்டுக்குத் தம்பிதான் வேட்பாளர்னு அறிவிக்கறோம்."

நான், "அவனுக்கு அரசியல் ஒண்ணும் தெரியாதுங்களே" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"அதான் சார் வேணும். தெரிஞ்சவன் பேசினா ஜனம் எழுந்து போய்க்கினே இருக்குது. பாடறவன் நின்னா பாட்டுக்கே ஓட்டு விழும்" என்றார். வஞ்சகமாகச் சொல்லவில்லை. ஆலையில் கரும்பு நிலவரம் சொல்கிறவரைப் போல உள்ளதைச் சொன்னார்.

நம் பக்கத்து வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூத்துக்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டால் முடிந்தது. மழை கொட்டினாலும், அவர் வீட்டில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் ஆட்டம் நடந்தாக வேண்டும். வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவர் முகத்தில் அடித்த மாதிரி. அவர் பேசி முடித்த அந்தக் கணத்தில் நான் எழுந்து, சாமி படத்துக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்துவந்து, "மன்னிச்சுக்குங்க, நான் வேற எதுக்கோன்னு நெனச்சு வாங்கிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். அவர்கள் போன பிறகு உன் அம்மா சமையலறை வாசலில் நின்று, "இன்னாத்துக்குன்னு கேக்காம வாங்கினீங்களா? நீட்டினா கையை நீட்டிடறதா? பாடப்போறது நீங்களா அவனா?" என்றாள். அந்த வாழைப்பழத்தை நம் வீட்டில் யாரும் தொடவில்லை. கறுத்துப்போய்க் கடைசியில் மாட்டுக்குப் போனது.

இரண்டு நாளில் பஸ் ஸ்டாண்டு எதிரே பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு மைக்கைப் பிடித்திருக்கும் படம். மேலே தலைவர், பக்கத்தில் கைகூப்பிய தணிகாசலம். நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டு, பால் வாங்க வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன். நீ சென்னையிலிருந்து ஊருக்கு வந்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். நீ வெள்ளிமலைக்கு அப்பால் சடையன் வீட்டுக்குப் பயிற்சிக்குப் போவதாகச் சொன்னபோது, "நானும் வரேன், மலை பார்த்து நாளாச்சு" என்று கிளம்பியது அதற்காகத்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். கச்சிராயபாளையம் தாண்டும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். தாண்டியதும் கோமுகி அணை வரட்டும் என்று நினைத்தேன். அணையும் போயிற்று. கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்தது. சின்ன வயதில் அந்த வளைவுகளில் உனக்குக் குமட்டும். குமட்டல் தெரியாமல் இருக்க நீ பாடுவாய். அன்றைக்கு எனக்குக் குமட்டியது. எனக்குப் பாடத் தெரியாது. அதனால் சொல்லிவிட்டேன்.

நீ கோபித்துக்கொள்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பிளக்ஸை நீ பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே பார்த்திருக்கிறாய் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் சொல்வேனா என்றுதான் காத்திருந்தாய். பிறகு சொன்னாய்: "ஏம்ப்பா, வாங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" அவ்வளவுதான். அதை நீ கத்திச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சடையன் வீட்டில் அவன் அம்மா சாமைச்சோறு போட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "போன தடவை ஓட்டு கேக்க ஒரு சினிமாக்காரரைக் கூட்டியாந்தாங்க அய்யா. இதோ இந்தக் களத்துலதான் ஆடினாரு. அந்தப் பாறை மேல ஏறி நின்னு ரோடு போட்டுத் தரோம்னாரு. ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. ரோடுதான் இன்னும் வந்துக்கினே கீது" என்றார்கள். "யாருக்கும்மா ஓட்டு போட்டீங்க?" என்று நீ கேட்டாய். "அவருக்குத்தான். அம்மாந்தூரம் வந்து ஆடினாரே, பாவம்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்கள். எல்லோரும் சிரித்தோம். சடையன் மட்டும் சிரிக்கவில்லை. "கட்சி மேடையில ஏறிட்டா மத்த கட்சிக்காரன் வூட்டு வாசல்ல நம்ம செட்டை எறக்கவே வுட மாட்டான். நம்ம நாலு பேரு வூட்லயும் நாலு கட்சி. நீ நின்னுட்டா குரூப்பு அத்தோட போச்சுடா" என்றான். திரும்பி வரும்போது, "வெத்தலை வாங்கியாச்சு, பாடிடறேன்பா. மத்ததை மேடையில பாத்துக்கலாம்" என்றாய். அந்த "மத்ததை" என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கூட்டம் நடக்கும் நாள்வரை அதை நினைத்தே நான் சரியாகச் சாப்பிடவில்லை. நீ ஒத்துக்கொண்டால் உன் பாட்டு போயிற்று. மறுத்தால், வெற்றிலை வாங்கி ஏமாற்றிய குடும்பம் என்று தணிகாசலத்தின் ஆட்கள் மேடையிலேயே உன்னை என்ன செய்வார்களோ என்று பயம். இரண்டுக்கும் காரணம் என் இரண்டு கைகள்.

அன்று சாயங்காலம் மந்தைவெளியில் நானும் உன் அம்மாவும் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தோம். முதலில் ரெக்கார்டு டான்ஸ். திடல் நிரம்பி வழிந்தது. "தலைவர் உளுந்தூர்பேட்டையைத் தாண்டிவிட்டார்" என்று மைக்கில் சொன்னார்கள். இன்னொரு ஆட்டம். "உளுந்தூர்பேட்டையைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறார்." எனக்கு முன்னால் இருந்தவர் திரும்பி, "அங்க இன்னா சார், பரோட்டா சாப்ட்டுக்கினு இருக்காரா?" என்று கேட்டார். உன்னை மேடைக்கு ஏற்றிவிட்டு, கார் வெளிச்சம் தெரிகிற வரைக்கும் பாடு, தெரிந்ததும் எந்த வரியில் இருந்தாலும் நிறுத்திவிடு என்று உன்னிடம் சொன்னார்களாம். தலைவர் பெயரைப் பாட்டில் எங்காவது சேர்க்கச் சொன்னதாகவும், நீ சிரித்துக்கொண்டே தலையாட்டியதாகவும் சடையன் பிறகு சொன்னான். சேர்க்கவில்லை என்பதைத்தான் நான் கேட்டேனே.

நீ மெதுவாக ஆரம்பித்தாய். சென்னையில் கட்டட வேலைக்குப் போய்விட்டுப் பொங்கலுக்கு ஊர் திரும்பும் ஒருத்தன், பஸ்ஸை விட்டு இறங்கி, பூட்டிய வீட்டின் முன்னால் நிற்கிற பாட்டு. ஆட்டத்துக்குப் பழகிய கூட்டம் நெளிந்தது. ஒருவர் எழுந்து நின்று, "யோவ், இன்னாப்பா எழவு வூட்டுப் பாட்டு? குத்துப்பாட்டு போடு!" என்று கத்தினார். விசில். நீ பாட்டை நிறுத்தாமல் இடைவெளியில் மைக்கிலேயே சொன்னாய்: "எழவு வூட்லதாண்ணே மனுசன் பொய் சொல்லாம பாடறான்." கொஞ்சம் பேர் சிரித்தார்கள். பிறகு அந்த இடம் வந்தது. நீ ஒரு வரி பாட, கேட்பவர்கள் பதில் தர வேண்டிய இடம்.

"வந்தியான்னு கேக்க ஒரு வாய் வேணும்" என்று பாடிவிட்டு மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினாய். "வேணும், வேணும்" என்று அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டில் நீ பயிற்சி செய்யும்போது உன் அம்மா சமையலறையிலிருந்து சொல்வாள். வீடியோவில் வராத புதுப்பாட்டு, அங்கே யாருக்கும் அது தெரியாது. சத்தமே இல்லை. "சாப்டியான்னு கேக்க ஒரு வாய் வேணும்" என்று மறுபடி பாடி நீட்டினாய். மேடை ஓரத்தில் நின்ற தணிகாசலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மைக்கைப் பிடித்திருந்த உன் கை அப்படியே நீண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் வாங்கியவன் நான். நீ கேட்கிறாய், கேட்டுக்கொண்டே நிற்கிறாய், ஒரு பதில்கூட இல்லை.

"வேணும், வேணும்" என்று என் வாயிலிருந்து வந்தது. பிரேக் பிடித்த லாரி மாதிரி ஒரு சத்தம். ஆலையில் ஒரு கூட்டத்திலும் கை தூக்கிப் பேசாதவன், பத்து வரிசை திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திவிட்டேன். எனக்கு முன்னால் இருந்தவர், "சார், நீங்களா?" என்றார். வெட்கத்தில் காது எரிந்தது. உன் அம்மா என்னைப் பார்க்காமல், நேராகப் பார்த்தபடி, அடுத்த வரிக்குத் தானும் சேர்ந்து சொன்னாள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் சொன்னாள். குத்துப்பாட்டு கேட்டவர் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். "உடம்பு எப்டின்னு கேக்க ஒரு வாய் வேணும்" என்று நீ குரலை ஏற்றியபோது திடலே சொன்னது. தலையில் முக்காடிட்ட ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சங்கு ஓய்ந்த பிறகும் ஒரு விநாடி கூடுதலாக இழுப்பாயே, அதே மாதிரி இழுத்துத்தான் முடித்தாய். எனக்கு மூச்சு முட்டவில்லை. பயமும் இல்லை.

தணிகாசலம் ஓடிவந்து மைக்கை வாங்கிக்கொண்டார். நம் வார்டின் வருங்காலம், பாட்டாலே நம்மைக் கட்டிப்போட்ட தம்பி, இவர்தான் வேட்பாளர் என்று அறிவித்தார். கைதட்டல். நீ மைக்கைத் திருப்பிக் கேட்டாய். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா வெத்தலை வாங்கிட்டாரு. அதனால பாட வந்தேன், பாடிட்டேன். வெத்தலை பாட்டுக்குத்தாங்க" என்றாய். "நம்ம ஊர்ல கூத்து பாத்துருக்கீங்க. ராஜா வேஷம் கட்டினவரு எவ்ளோ நல்லா ஆடினாலும், ஆட்டம் முடிஞ்சதும் அவரையே நம்மளுக்கு ராஜாவா இருந்துட்டுப் போன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? டீ வாங்கிக் குடுத்து, பஸ் ஏத்தி அனுப்பிடுவாங்க. எனக்கும் ஒரு டீ வாங்கிக் குடுங்க, போதும்."

திடல் முழுக்கச் சிரிப்பு. மேடையில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். கீழேயிருந்து ஒருவர், "அப்ப யாருக்குத்தான்யா ஓட்டு போடறது?" என்று கேட்டார். "இப்ப வர்றவர்கிட்ட கேளுங்கண்ணே. தண்ணி எப்ப வரும், சாக்கடை எப்ப தூர்வாருவாங்கன்னு கேளுங்க. பாட்டு முடிஞ்சிடுச்சுன்னு எழுந்து போய்டாதீங்க. நானும் கீழ வந்து உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாய். வழியெல்லாம் ஆட்கள் உன் தோளைத் தட்டினார்கள். என் பக்கத்தில் நாற்காலி இல்லாததால் தரையிலேயே உட்கார்ந்தாய். "அப்பா, சுருதி கொஞ்சம் கம்மி. தாளம் கரெக்டு" என்றாய். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே விமர்சனம். அதை நான் பாராட்டாகவே வைத்துக்கொண்டேன்.

தலைவர் வந்தார். பாதிக் கூட்டம் போய்விட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. மீதிப் பாதி இருந்தது. ஒருவர் எழுந்து தண்ணீரைப் பற்றிக் கேட்டார், கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. தேர்தலில் வேறு யாரோ நின்றார்கள், யாரோ வென்றார்கள். குழாயில் தண்ணீர் முன்பு போலவே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. ஒரு பாட்டு ஊரை மாற்றிவிட்டது என்று நான் எழுதினால் நீயே சிரிப்பாய்.

ஆனாலும் அன்றிலிருந்து ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். சரியாகத்தான் யோசிக்கிறேனா என்று தெரியவில்லை, நீ சொல். விவசாயிகள் கரும்பை ஒடித்து, "கடிச்சுப் பாருங்க சார், கற்கண்டு" என்று என்னிடம் நீட்டுவார்கள். கடித்தால் இனிக்கும். ஆனால் அந்த இனிப்பில் எவ்வளவு சர்க்கரையாகக் கட்டும் என்று நாக்குக்குத் தெரியாது. சாற்றைக் காய்ச்சினால்தான் தெரியும். நாம் ஓட்டுப் போடுவதும் கடித்துப் பார்த்துத்தான். இதைச் சொல்லி மற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எத்தனையோ கூட்டங்களில் கச்சேரி முடிந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு முதலில் எழுந்தவன் நான். பேச்சு ஆரம்பித்தால் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். களைத்து வருகிற ஜனம் கொஞ்சம் சிரிக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. சடையன் அம்மாவை நினைத்துக்கொள். அந்த அம்மாவுக்கு ஆட்டமும் தெரியும், ரோடு வராததும் தெரியும். நீ இனிமேல் எந்த மேடையில் பாடினாலும், குத்துப்பாட்டு கேட்டுக் கத்துகிறவரை மட்டம் தட்டிவிடாதே. அன்றைக்கு அவரும் கடைசியில் "வேணும்" என்று சொன்னார், நான் பார்த்தேன். கத்திக்கொண்டிருப்பவருக்கும் உள்ளே ஒரு பூட்டிய வீடு இருக்கும். நீ பாடுகிற மாதிரிப் பாட்டு மறுபடி உயிர்பெற்று வருவதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். புகழ்ச்சி வரும்போது, அன்று சொன்ன அந்த டீயை நினைத்துக்கொள். அது போதும் என்று நீ சொன்னபோது எனக்கு வந்த நிம்மதியை, ஓய்வுபெற்ற நாளில்கூட நான் அனுபவித்ததில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். நேற்றுக் காலையில் தணிகாசலம் மறுபடி வந்தார். இந்தத் தடவை இரண்டு தட்டு. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். "இது எதுக்குங்க?" என்று கேட்டேன். கேட்டேன், செழியா. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பொண்ணு கல்யாணந்தான் சார், சத்தியமா! இந்தாங்க பத்திரிகை, நல்லாப் படிச்சுப் பாத்துட்டே வாங்குங்க" என்றார். பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தேன். கல்யாணம்தான். முதல் தட்டை வாங்கிக்கொண்டேன். இரண்டாவது தட்டு உனக்கு. வரவேற்பில் நீயும் உன் நண்பர்களும் பாட வேண்டுமாம். "கட்சிக்கொடி கெடையாது, பிளக்ஸ் கெடையாது. எம்பொண்ணு அந்த 'வேணும் வேணும்' பாட்டுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா சார்" என்றார். மனுஷர் முகத்தைப் பார்த்தால் உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையா பொய்யா என்பது இங்கே கேள்வி இல்லையே. "பையனைக் கேட்டுட்டுத்தாங்க வாங்குவேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தட்டைக் காருக்குள் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

பாட உனக்கு விருப்பமா, இல்லையா? அவர் வருவதற்குள் சொல். சரி என்றால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அதற்காகக் காலையிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று, "மன்னிச்சுக்குங்க, அவனுக்குத் தோதுப்படாது" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா சமையலறையிலிருந்து கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தம் வேணும் என்கிறாள்.

உன்
அப்பா